கைத்துப்பாக்கி வாங்குமுன்: கிளப் வாசலிலிருந்து வீட்டு லாக்கர் வரை

2024 அக்டோபர் 1 அதிகாலை. மும்பையில் இந்தி நடிகர் கோவிந்தா கொல்கத்தா விமானத்தைப் பிடிக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். உரிமம் பெற்ற தன் ரிவால்வரை எடுத்து வைக்கும்போது அது கை நழுவிக் கீழே விழுந்தது. உள்ளே தோட்டா இருந்தது. குண்டு வெடித்து முழங்காலுக்குக் கீழே பாய்ந்தது. மருத்துவர்கள் அதை அகற்றினார்கள், அவரும் நலம்பெற்று வீடு திரும்பினார்.

உரிமம் இருந்தது, துப்பாக்கியும் சட்டப்படி வாங்கியதுதான். ஆனாலும் விபத்து நடந்தது. உரிமம் வாங்குவது எப்படி என்று கேட்பவர்கள் பலர். வாங்கிய பிறகு அதை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்பவர்கள் குறைவு. இந்தியாவில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் சொல்லும் நிபந்தனைகளுக்கு உட்பட்ட அனுமதி மட்டுமே. கேட்டவுடன் கிடைக்கும் உரிமை அல்ல. அந்த நிபந்தனைகளைத் தாண்டிவர ஒரு நல்ல வரிசை உண்டு: முதலில் சுடக் கற்பது, அடுத்து உரிமம், அதன் பிறகே கடை.

1. எதற்காக என்பதை முடிவு செய்வது

இலக்குச் சுடுதலுக்கும் தற்காப்புக்கும் தேவைப்படும் துப்பாக்கிகள் வேறு. விண்ணப்பத்தில் காட்டவேண்டிய காரணங்களும் வேறு. போட்டிக்கான பிஸ்டல் கனமானது, கைப்பிடி உள்ளங்கைக்கு ஏற்பச் செதுக்கப்பட்டது, விசை மெல்லிய அழுத்தத்துக்கே இசைந்துவிடும். அதை இடுப்பில் செருகிக்கொண்டு நடமாட முடியாது. தற்காப்புக்காக விற்கப்படும் சிறிய ரிவால்வரோ குட்டைக் குழலும் கடினமான விசையும் கொண்டது. அதை வைத்துக்கொண்டு போட்டியில் புள்ளி சேர்க்க முடியாது.

விளையாட்டுதான் ஆசை என்றால் உரிமத்தைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டியதில்லை. ஒலிம்பிக் பதக்கம் வரைக்கும் உரிமம் தேவைப்படாத ஆயுதத்தில் போகலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வென்ற இரண்டு வெண்கலங்களும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வந்தவை. ஒன்று தனிநபர் பிரிவு, மற்றது சரப்ஜோத் சிங்குடன் இணைந்த கலப்பு அணிப் பிரிவு.

2. ஏர் பிஸ்டலில் தொடங்குவது

அழுத்தப்பட்ட காற்றால் சிறு ஈயக் குண்டைத் தள்ளும் துப்பாக்கி இது. குழல் விட்டம் .177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மிகாமலும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் ஆயுத உரிமம் தேவையில்லை. கடைக்காரர் அடையாளச் சான்றைக் கேட்டு வாங்கிப் பதிவு செய்வார். எல்லையைத் தாண்டும் ஏர்கன்களுக்கு உரிமம் வேண்டும். ஆகவே ரசீதிலும் பெட்டியிலும் இந்த இரண்டு எண்களைப் பார்த்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும்.

சர்வதேச விதிப்படி போட்டி ஏர் பிஸ்டலின் எடை 1,500 கிராமைத் தாண்டக்கூடாது. விசையை இழுக்கத் தேவைப்படும் விசையெடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது. 10 மீட்டர் தொலைவில் இருக்கும் இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர் அகலம். ஒரே கையை நீட்டி, 75 நிமிடத்தில் 60 குண்டு சுட வேண்டும். இதைச் செய்து பார்க்கும்போதுதான் கை நடுக்கம், மூச்சு, பார்வை எல்லாம் ஒருவருக்குத் தெரியவரும்.

ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்துத் தயாரிப்புகளான வால்தர், ஸ்டெய்ர், பார்தினி, மொரினி போன்றவற்றின் போட்டி பிஸ்டல்கள் இங்கே வந்து சேரும்போது விலை லட்சத்தைத் தாண்டிவிடும். தொடக்கக்காரர் அவ்வளவு செலவழிக்க அவசரப்பட வேண்டாம். கிளப்பில் இருக்கும் பிஸ்டலில் சில மாதம் பழகிவிட்டு, கைப்பிடி அளவு என்ன, இடக்கையா வலக்கையா, எந்தக் கண் மேலோங்கிய கண் என்றெல்லாம் தெரிந்த பிறகு வாங்குவது நல்லது. பழைய ஏர் பிஸ்டல் என்றால் காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பார்க்க வேண்டும். பத்தாண்டு கடந்த சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைப்பது பாதுகாப்புக்கும் உகந்ததல்ல.

கருவிப் பராமரிப்பின் அருமையையும் மனு பாக்கரின் கதையே சொல்லும். 2021 டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவே அவருடைய பிஸ்டல் பழுதாகி, சரிசெய்வதற்குள் மதிப்புமிக்க நிமிடங்கள் கரைந்தன. 575 புள்ளிகளுடன் 12ஆம் இடத்தில் முடித்து, இறுதிச் சுற்றை இழந்தார். மூன்றாண்டு கழித்து அதே பிரிவில் பதக்கம் வாங்கினார்.

3. ரைபிள் கிளப்பில் சேர்வது

இந்திய தேசிய ரைபிள் சங்கம் 1951இல் தொடங்கியது. மாநில சங்கங்களும் அவற்றின் கீழ் கிளப்புகளும் இயங்குகின்றன. சென்னை, கோவை, திருச்சி, புதுக்கோட்டை போன்ற ஊர்களில் சுடுதளங்கள் உண்டு. பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் இந்தியாவுக்காக ஆடிய பிரித்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டைக்காரர். நடிகர் அஜித்குமார் 2021இல் தமிழ்நாடு மாநிலப் போட்டியில் பதக்கங்கள் வென்றது பலருக்கு நினைவிருக்கும். கிளப்பில் பயிற்சியாளரின் கண் முன்னால் 12 வயதிலிருந்தே பிள்ளைகள் இலக்குச் சுடுதல் பழகச் சட்டம் இடம் தருகிறது. தன் பெயரில் துப்பாக்கி வைத்துக்கொள்ள 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

சேருமுன் கிளப்புக்கு உரிமம் இருக்கிறதா, தளத்தில் பாதுகாப்பு அலுவலர் நிற்கிறாரா, கண்ணாடியும் காதுமூடியும் கட்டாயமா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கைத்துப்பாக்கியின் வெடிச்சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். காதை மூடாமல் சில முறை நின்றாலே நிரந்தரச் சேதம் ஏற்படலாம். ஈயக் குண்டுகளைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காரக்கூடாது.

கிளப்பில் முதல் நாள் சொல்லித்தரும் நான்கு பாடங்கள் இவை. எந்தத் துப்பாக்கியும் தோட்டா நிரம்பியது என்றே கருத வேண்டும். சுட விரும்பாத எதன் பக்கமும் குழல் முனை திரும்பக்கூடாது. குறி பார்த்துச் சுடும் முடிவு எடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இலக்கு எது, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பது தெரிந்தே சுட வேண்டும். ஒரு விதியை மறந்தாலும் மற்ற மூன்றும் உயிரைக் காக்கும்படி இவை அமைந்திருக்கின்றன.

கிளப் உறுப்பினர் என்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. உரிமம் பெற்ற கிளப்பிலோ சங்கத்திலோ இரண்டு ஆண்டுகள் ஈடுபாட்டுடன் உறுப்பினராக இருந்து இலக்குப் பயிற்சியைத் தொடர விரும்பும் விளையாட்டு வீரரை, உரிமம் பெறத் தகுதியுள்ளவர்களில் ஒருவராக 2016 விதிகள் குறிப்பிடுகின்றன. வருகைப் பதிவேடு, போட்டிச் சான்றிதழ், மதிப்பெண் தாள் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்துவர வேண்டும்.

4. உரிமத்துக்கு விண்ணப்பிப்பது

மாவட்டங்களில் ஆட்சியரும், சென்னை மாநகரில் காவல் ஆணையரும் உரிமம் வழங்கும் அதிகாரிகள். விண்ணப்பம் ஏ-1 என்ற படிவத்தில் இருக்கும். உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளத்தின் இணைய முகப்பில் பதிவுசெய்து, ஆவணங்களுடன் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். உரிமம் கிடைத்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி அடையாள எண் வழங்கப்படும். இந்த எண் இல்லாத உரிமம் செல்லாது.

புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று, வயதுச் சான்று ஆகியவற்றோடு மனநலமும் உடல்நலமும் சரியாக இருப்பதாகவும் போதைப் பழக்கம் இல்லை என்பதாகவும் மருத்துவச் சான்று வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழியும், பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றும் சேரும். பிறகு உள்ளூர்க் காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு வருவார்கள். வழக்கு இருக்கிறதா, வீட்டில் யார் யார், அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள் என்பதெல்லாம் அறிக்கையில் வரும். காவல் அறிக்கை வந்து 60 நாளுக்குள் அதிகாரி முடிவெடுக்க வேண்டும் என்பது விதி.

தற்காப்பு என்று காரணம் காட்டுபவர் “நாடு கெட்டுப்போச்சு, பயமா இருக்கு” என்று பொதுவாக எழுதினால் நிற்காது. தொழில் என்ன, பணமோ நகையோ எவ்வளவு எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது, மிரட்டல் வந்ததா, அதற்குக் கொடுத்த புகாரின் நகல் எங்கே என்பன போன்ற விவரங்களே விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கும். மறுத்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் பெறவும், ஆயுதச் சட்டம் 18ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக்கூடாது என்றும் அந்தச் சட்டமே சொல்கிறது.

2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. உரிமத்தின் ஆயுள் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாகக் கூடியது. எத்தனை தோட்டா வாங்கலாம், எந்தப் பகுதிவரை எடுத்துச்செல்லலாம் என்பதை உரிமத்திலேயே எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் வருகிறது. கையில் கிடைத்த அன்றே ஒவ்வொரு வரியையும் படித்துவிட வேண்டும்.

குறுக்குவழி தேடுபவர்களுக்கு ஒரு செய்தி. உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை, அதோடு அபராதம். தடைசெய்யப்பட்ட ரகம் என்றால் ஏழு முதல் பதினான்கு ஆண்டு. கள்ளத்துப்பாக்கி வெடித்துக் கை போனால் யாரிடம் முறையிடுவது?

5. எந்தத் துப்பாக்கி

சினிமாவிலும் அமெரிக்க வீடியோக்களிலும் புழங்கும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் இந்தியாவில் சாதாரணக் குடிமகனுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். .38, .45 ஆகியவையும் அப்படியே. அனுமதிக்கப்பட்டவற்றில் .32ம் .22ம் முக்கியம். வெளிநாட்டிலிருந்து தனிநபர் இறக்குமதி செய்வதற்கும் தடை. புகழ்பெற்ற சுடுவீரர் என்ற தகுதி பெற்றவர்களுக்குத்தான் விலக்கு.

அதனால் புதிது வாங்குபவரின் கண்ணில் பெரும்பாலும் அரசு ஆயுதத் தொழிற்சாலைத் துப்பாக்கிகளே படும். 2021 அக்டோபரில் பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, சிறு ஆயுதங்கள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏடபிள்யூஇஐஎல் நிறுவனத்துக்குப் போயின. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் அதன் கீழ்தான் இருக்கிறது. இந்தத் தொழிற்சாலைகளின் பழைய .32 ரிவால்வர் நடுவில் மடங்கித் திறக்கும். 2023இல் வந்த ‘பிரபல்’ ரிவால்வரில் தோட்டாச் சிலிண்டர் பக்கவாட்டில் விலகும். 2014இல் பெண்களுக்கென்று அறிமுகமான ‘நிர்பீக்’ சுமார் 500 கிராம் எடை கொண்டது.

எடை குறைவு என்பது கடையில் கையில் எடுக்கும்போது சுகமாக இருக்கும், சுடும்போது எதிர்மாறு. லேசான துப்பாக்கியின் உதைப்பு அதிகம், அடுத்த குண்டுக்குக் குறி திரும்ப நேரமாகும். கை சிறியவரும் புதியவரும் சற்றே கனமானதைத் தேர்ந்தால் பயிற்சி எளிதாகும்.

ரிவால்வரா பிஸ்டலா என்பது அடுத்த கேள்வி. ரிவால்வரில் சிலிண்டரைத் திறந்தால் தோட்டா இருப்பதும் இல்லாததும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பிஸ்டலில் மேகசினைக் கழற்றிய பிறகும் குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். வீட்டு விபத்துகள் பலவற்றுக்கு அந்த மறந்துபோன ஒற்றைத் தோட்டாவே காரணம். மேகசினை எடுத்துவிட்டு, மேற்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து, கண்ணாலும் சுண்டுவிரலாலும் சோதிக்கப் பழக வேண்டும். இன்னொன்று: .32 ரிவால்வரும் .32 பிஸ்டலும் ஒரே எண்ணைச் சுமந்தாலும் தோட்டாக்கள் வேறு. ரிவால்வரின் தோட்டா நீளமானது, விளிம்பு உள்ளது. பிஸ்டலின் தோட்டா குட்டை. ஒன்றை மற்றதில் போடக்கூடாது.

6. வாங்கும் நாளில்

உரிமம் பெற்ற கடையிலோ தொழிற்சாலையிலோ மட்டும் வாங்க வேண்டும். துப்பாக்கியில் பொறித்த எண்ணும் ரசீதில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று அங்கேயே சரிபார்த்து, பிறகு உரிமத்தில் அதை ஏற்ற வேண்டும்.

வேறொரு உரிமதாரரிடமிருந்து பழையதை வாங்கும்போது, விற்பவர் உரிமம் வழங்கும் அதிகாரிக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருந்த பிறகே கைமாற்ற முடியும். அந்த இடைவெளியில் துப்பாக்கியைத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டலாம். தோட்டா இல்லாமல் குழலை வெளிச்சத்தில் பிடித்தால் உட்புறத்துச் சுருள் வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். துருக் குழிகள் இருந்தால் விலகுவது நல்லது. ரிவால்வரின் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தியபோது சிலிண்டர் ஆடக்கூடாது. ஆடினால் தோட்டாவும் குழலும் நேர்கோட்டில் நிற்காமல், சுடும்போது ஈயத் துணுக்குகள் பக்கவாட்டில் தெறிக்கும். கீழே விழுந்தால் வெடிக்காதபடி சுத்தியலைத் தடுக்கும் அமைப்பு அந்த மாடலில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். பல பழைய ரிவால்வர்களில் அது இருப்பதில்லை.

7. வீட்டில் வைப்பது

தலையணைக்கு அடியில், பீரோவின் புடவை அடுக்கில், கார் டாஷ்போர்டில் வைப்பது எல்லாம் தவறான பழக்கம். சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கிய இரும்பு லாக்கர் வேண்டும். துப்பாக்கி ஒரு பூட்டுக்குள், தோட்டா வேறொரு பூட்டுக்குள். சாவியோ எண்ணோ உரிமதாரர் ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். மனைவியாக, கணவனாக, பிள்ளையாக இருந்தாலும் உரிமம் இல்லாதவர் கைக்கு அது போகக்கூடாது.

தோலுறை வாங்கினால் எடுத்துச்செல்லும் நேரத்துக்கு மட்டும் போதும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, சில வாரத்திலேயே இரும்பில் துருவைக் கொண்டுவந்துவிடும். மெல்லிய எண்ணெய் பூசி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளுடன் லாக்கரில் வைக்கலாம். சுட்டுவந்த அன்றே குழலைச் சுத்தம் செய்ய வேண்டும்.

வெற்றுத் துப்பாக்கியில் விசை இழுத்துப் பழகுவது நல்ல பயிற்சி. அதற்குமுன் எல்லாத் தோட்டாவையும் வேறு அறையில் பூட்டிவிட்டு வர வேண்டும்.

வீட்டில் யாராவது கடும் மனச்சோர்வில் இருந்தாலோ, குடும்பத்தில் சண்டை முற்றினாலோ துப்பாக்கியை அந்த வீட்டில் வைத்திருக்கக்கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருப்பது தற்கொலை அபாயத்தைக் கூட்டுகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த உண்மை. உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் பாதுகாப்பு வைப்பாக அதைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். மனநல உதவிக்கு அரசின் டெலி-மானஸ் எண் 14416 எந்நேரமும் கிடைக்கும்.

8. வெளியே எடுத்துச்செல்வது

பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் அல்லது பைக்குள் முழுவதும் மறைந்திருக்க வேண்டும். உரிமமும் கூடவே இருக்க வேண்டும். கல்யாண ஊர்வலத்திலோ கோயில் விழாவிலோ வானத்தை நோக்கிச் சுடுவது 2019 திருத்தத்தின்படி தனிக் குற்றம். பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். தோப்பில், மொட்டை மாடியில் சுட்டுப் பார்ப்பதும் ஆகாது. பயிற்சிக்கு இடம் அங்கீகரிக்கப்பட்ட சுடுதளம் மட்டுமே.

விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. தோட்டா அகற்றிய துப்பாக்கியை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே தெரிவித்து, கவுன்டரில் அறிவித்து, பதிவுசெய்யும் பெட்டியில் அனுப்ப வேண்டும். பையின் மூலையில் கிடக்கும் ஒற்றைத் தோட்டாகூட ஸ்கேனரில் பிடிபட்டு வழக்காகிவிடும். போட்டிக்குப் போய்வருபவர் கிளம்புமுன் ஒவ்வொரு பையையும் கொட்டித் துழாவுவது நல்ல வழக்கம்.

9. சுடலாமா என்ற கேள்வி

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. உரிமை உண்டு, அதற்கு எல்லையும் உண்டு. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. போலீஸ் உதவியை நாட நேரம் இருக்கும்போது அந்த உரிமை எழாது. உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும், பாலியல் வன்முறை நிகழும் என்று நியாயமாக அஞ்சத்தக்க சூழல் போன்ற சிலவற்றில்தான் எதிராளியின் உயிரைப் பறிக்கும் அளவுக்கு அது நீளும். சுவரேறி ஓடுகிற திருடனின் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொல்ல முடியாது.

ஆகவே வீட்டுப் பாதுகாப்புக்கு முதல் செலவு நல்ல கதவு, தாழ்ப்பாள், விளக்கு, கேமரா ஆகியவற்றுக்கே. ஆபத்தில் குடும்பம் எந்த அறையில் ஒன்றுசேர்வது, யார் 112ஐ அழைப்பது என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். இருட்டில் நடந்துவருவது கள்வனா, தாமதமாக வீடு திரும்பிய மகனா என்று அடையாளம் தெரியாமல் விசையில் விரல் போகக்கூடாது.

10. உரிமம் பெற்ற பிறகு கவனிக்கவேண்டியவை

உரிமம் காலாவதியாக இரண்டு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். வீடு மாறினால் பழைய ஊர் அதிகாரிக்கும் புதிய ஊர் அதிகாரிக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். துப்பாக்கி தொலைந்தாலோ திருடுபோனாலோ அன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து நகல் பெற வேண்டும். தேர்தல் அறிவிக்கப்பட்டால் துப்பாக்கியை ஒப்படைக்கும்படி காவல் நிலையத்திலிருந்து உத்தரவு வரலாம். துப்பாக்கி எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, அப்போதைய நிலை எல்லாம் குறிப்பிட்ட ரசீது இல்லாமல் ஒப்படைக்கக்கூடாது.

உரிமதாரர் இறந்துவிட்டால் அந்தத் துப்பாக்கி வாரிசின் கையில் சும்மா இருக்க முடியாது. உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ வைத்துவிட்டு, பிறகு வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்கலாம், அல்லது விற்றுவிடலாம். அப்பா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கிறது என்று அறியாமலே சட்டமீறலில் இருக்கும் குடும்பங்கள் உண்டு. உரிமத்தின் நகல் எந்தக் கோப்பில், யாரிடம் போய் ஒப்படைப்பது என்று ஒரு தாளில் எழுதி, வீட்டில் பொறுப்பான ஒருவருக்குத் தெரியும் இடத்தில் உரிமதாரர் தன் காலத்திலேயே வைத்துவிட வேண்டும்.